பாம்புப் பெட்டியில் மைட்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

மைட், அதாவது பாம்பின் இரத்தத்தைக் குடிக்கிற புள்ளி அளவுப் பூச்சி, வந்துவிட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் பாம்பைத்தான் தூக்கிக் கழுவுகிறார்கள். கழுவலாம், தப்பில்லை. ஆனால் பாம்பின் மேல் நீங்கள் பார்ப்பது இரத்தம் குடிக்க வந்த கூட்டம் மட்டும்தான், முட்டையும் குஞ்சும் மிச்சக் கூட்டமும் பெட்டியின் மூடி இடுக்கிலும் மரக்கட்டைப் பிளவிலும் பெட்டி வைத்திருக்கிற மேசையின் அடியிலும் இருக்கிறது. பாம்புக்கு ஒரு பங்கு வேலை செய்தால் பெட்டிக்கு நான்கு பங்கு செய்ய வேண்டும். கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். நான் எழுதுவது பால் பைத்தான் (பந்து போலச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு), கார்ன் ஸ்னேக், கிங் ஸ்னேக் மாதிரி வெளிநாட்டுப் பாம்புகளை வைத்திருப்பவர்களுக்கு. சாரை, மண்ணுளி, நம்மூர் மலைப்பாம்பு எதையும் 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, தோட்டத்தில் வந்தால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள், அவ்வளவுதான். பால் பைத்தான் சைட்டிஸ் என்கிற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனம், அதனால் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் கொண்டுபோகப் பயந்துகொண்டே நாளைக் கடத்தி, கடைசியில் பாம்பு துவண்ட பிறகு ஓடுவார்கள். அந்த நிலைமைக்குப் போக வேண்டாம்.

இந்த மைட்டைப் பற்றிக் கொஞ்சம். ஆஃபியோனிசஸ் நேட்ரிசிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். நம்மூர் நாட்டுக்கோழியில் ஏறும் செல் என்கிற பூச்சியின் ஒரு வகை இதே குடும்பம்தான். பசியோடு இருக்கிற பெண் மைட் 0.6 மி.மீ. அளவு, வயிறு நிறையக் குடித்துவிட்டால் 1.3 மி.மீ. வரை உப்பிக் கருஞ்சிவப்பாகத் தெரியும்.

தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வரவே மாட்டேன் என்கிறது

மணிக்கணக்கில் தண்ணீரில் சுருண்டு கிடந்தால் மைட்தான் என்று பலரும் அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். சித்திரை, வைகாசியில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அது வெறும் சூட்டுக்காகவும் இறங்கும். முதலில் வெப்பமானியைப் பாருங்கள். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குளிர்ந்த பக்கமே 32 காட்டினால் பாம்புக்கு ஒதுங்க வேறு இடமில்லை, தண்ணீர்தான் கதி. பழைய செட்டிநாட்டு வீட்டில் இரண்டாங்கட்டு அறை தடித்த சுவரால் ஓரளவு தாங்கும், மாடியில் கான்கிரீட் அறை என்றால் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். காலையில் எடுத்த அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

வெப்பம் சரி, கண்ணும் நீலம் பூக்கவில்லை, அதாவது சட்டை உரிக்கும் நேரமும் இல்லை என்றால் அப்புறம் மைட்டைத் தேடுங்கள். சில்வர் கிண்ணத்தை எடுத்துவிட்டு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று வையுங்கள். பாம்பு ஓர் இரவு ஊறி எழுந்த பிறகு தண்ணீரைக் கலக்காமல் அடியைப் பார்த்தால் செத்த மைட் கறுப்புப் புள்ளியாகக் கிடக்கும். விரலால் எடுத்து டிஷ்யூவில் தேய்த்தால் செம்பழுப்புக் கறை விழும், மண்துகள் என்றால் விழாது.

செதிலுக்கு மேல் திருநீறு தூவினது போல வெள்ளைத் தூள்

இது மைட்டின் கழிவு. கறுப்புப் பாம்பில் நன்றாகத் தெரியும், வெளிர் நிறப் பாம்பில் தெரியவே தெரியாது. பெட்டியில் விரிக்கிற தேங்காய் நாரின் தூசு பழுப்பாக இருக்கும், சட்டைத் துணுக்கு மெல்லிய ஏடாக உரியும், இது இரண்டும் இல்லாமல் விரலில் ஒட்டும். இந்தத் தூள் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது என்றால் மைட் நேற்று வந்ததில்லை, முட்டை போட்டு ஒரு தலைமுறையாவது ஓடியிருக்கும். பெட்டி வேலையை அன்றைக்கே ஆரம்பியுங்கள்.

கறுப்புப் புள்ளி நகர்கிற மாதிரி இருக்கிறது, உறுதியாகத் தெரியவில்லை

பகலில் தேடாதீர்கள், அதற்கு இருட்டுதான் பிடிக்கும். ராத்திரி விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, ஈரமாக்கிய வெள்ளை டிஷ்யூவைக் கையில் சுற்றிக்கொண்டு பாம்பை அதற்குள் மெதுவாக ஊர்ந்துபோக விடுங்கள். பிறகு தாடைக்கு அடியில் இருக்கிற நீள மடிப்பு, கண்ணைச் சுற்றிய விளிம்பு, பால் பைத்தான் என்றால் உதட்டோரக் குழிகள், கழிவுத் துவாரம் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். அதோடு பெட்டி மூடியின் உள்பக்க விளிம்பையும் பார்க்க வேண்டும், மைட் மேலே ஏறி இருட்டு இடுக்கில் ஒதுங்குகிற பழக்கம் உள்ளது. பாம்பின் மேல் ஒன்றுமே இல்லாமல் மூடியில் மட்டும் வரிசையாக இருந்த பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

கண் பிதுங்கின மாதிரி, ஓரம் வீங்கியிருக்கிறது

கண்ணை மூடிய கண்ணாடிச் செதிலுக்கும் சுற்றுத் தோலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் மைட் புகுந்து உட்கார்ந்திருக்கும். ஊசி, டிவீசர், நகம் எதுவும் வேண்டாம். பஞ்சுக் குச்சியில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தொட்டு விளிம்பில் மட்டும் தடவினால் மூச்சு அடைத்துச் சாகும் அல்லது வெளியே வரும், துடைத்து எடுத்துவிடலாம். உடம்பு முழுக்க எண்ணெய் பூச வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது பெட்டிக்குள் அழுக்கைச் சேர்த்து வயிற்றுச் செதிலைக் கெடுக்கிறதே தவிர முட்டையை ஒன்றும் செய்வதில்லை. போன தடவை உரிக்காத கண்மூடி மேலே ஒட்டியிருந்தால் அதையும் பிய்க்கக் கூடாது. பாம்புக்கு இமை கிடையாது, தவறுதலாக உண்மையான கண்மூடியே வந்துவிட்டால் கண் போச்சு.

எலியைத் தொட மாட்டேன் என்கிறது

இதை வைத்து மட்டும் மைட் என்று சொல்ல முடியாது. பால் பைத்தான் காரணமே இல்லாமல் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், அதுவும் வளர்ந்த ஆண் என்றால் கேட்கவே வேண்டாம். எடை போட்டுப் பாருங்கள். எடை அப்படியே இருந்தால் விட்டுவிடுங்கள். எடை இறங்குகிறது, கூடவே வாயைத் திறந்து பார்த்தால் உள்தசை வெளிறி இருக்கிறது என்றால் இரத்தம் குறைந்துவிட்டது, முக்கியமாகக் குட்டிப் பாம்புக்கு இது சீக்கிரம் முற்றும். அந்த நேரத்தில் இரை கொடுத்துத் தேற்றலாம் என்று திணிக்காதீர்கள்.

சட்டை துண்டு துண்டாக உரிகிறது

முதல் சந்தேகம் ஈரப்பதம்தான். மாசி, பங்குனியில் நம் பக்கம் காற்று காய்ந்து போகும், அப்போது எந்தப் பாம்பும் ஒழுங்காக உரிக்காது. ஈரப்பதமானி 55 சதவீதத்துக்கு மேல் காட்டியும் துண்டாக உரிந்தால், உரிந்த சட்டையை வெள்ளைத் தாளில் விரித்துப் பாருங்கள், மைட் இருந்தால் செதில் மடிப்பில் மாட்டிக்கொண்டிருக்கும். சட்டையோடு நிறைய மைட்டும் போய்விடும், அதனால் உரிந்த சட்டையைப் பெட்டிக்குள் ஒரு நாள்கூட விடாமல் பாலித்தீன் பையில் கட்டி வெளியே போடுங்கள்.

சுத்தம் பண்ணினேன், போய்விட்டது, இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிட்டது

மைட் பிரச்சினையில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிற இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முட்டை, பிறகு இரத்தம் குடிக்காத குஞ்சு, குடிக்கிற இளம்பருவம், மறுபடி குடிக்காத ஒரு பருவம், கடைசியில் வளர்ந்த மைட் என்று ஐந்து கட்டம் இருக்கிறது. இரத்தம் குடிப்பது இரண்டு கட்டத்தில் மட்டும், மற்ற கட்டம் எல்லாம் பாம்பை விட்டுத் தள்ளி எங்கேயோ ஒளிந்திருக்கிறது. 30 டிகிரி சூட்டில் முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரியும், நம்மூர் வெப்பநிலையில் முட்டையிலிருந்து முட்டை போடும் வயசு வரை ஏறக்குறைய இரண்டு வாரம். ஒரு பெண் தன் ஆயுளில் 60 முட்டைக்கு மேல் போடும், 40 நாள் வரை உயிரோடு இருக்கும். பசித்த இளம் மைட் ஒரு சொட்டு இரத்தம் இல்லாமலே இரண்டு மூன்று வாரம் தாங்கும். ஆக நீங்கள் பாம்பைக் குளிப்பாட்டி ஒரு தடவை பெட்டியைத் துடைத்துவிட்டு ஓய்ந்தால், துடைத்த அன்று இடுக்கில் இருந்த முட்டைதான் இரண்டு வாரம் கழித்து உங்கள் கண்ணில் படுகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று கடையைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

செய்ய வேண்டியது இது. பெட்டியில் உள்ள நார், மரத்தூள், இலை எல்லாவற்றையும் வெளியே எடுத்து இரட்டைப் பையில் கட்டித் தூரப் போடுங்கள், தென்னை மரத்தடியில் கொட்டி வைக்காதீர்கள். மரக்கட்டை, மரப்பட்டை, கார்க் மறைவிடம் எல்லாம் போய்த் தொலையட்டும், அதற்கு ஆசைப்பட்டால் மைட்டுக்கும் சேர்த்துத்தான் ஆசைப்படுகிறீர்கள். விலை கொடுத்து வாங்கிய கட்டையை விட மனசு வரவில்லை என்றால் கறுப்புப் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நான்கைந்து நாள் போட்டு வையுங்கள், உள்ளே 50 டிகிரி தாண்டினால் மைட் பிழைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வழி செல்லாது, அப்போது தூக்கித்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் பெட்டி, கிண்ணம், பிளாஸ்டிக் மறைவிடம் எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, மூலைக்குப் பழைய பல் தேய்க்கும் பிரஷ் போட்டுத் தேயுங்கள். காற்றுத் துளை ஒவ்வொன்றையும் கூட.

பிறகு பெட்டிக்குள் வெறும் வெள்ளை டிஷ்யூ தாள், ஒரு பிளாஸ்டிக் மறைவிடம், ஒரு கிண்ணம், வேறு ஒன்றும் இல்லை. மறைவிடம் இல்லாமல் பால் பைத்தானை வைத்தால் அந்தப் பதற்றமே அதைப் பட்டினி போடும், ஒரு அட்டைப்பெட்டி கவிழ்த்தால் போதும், அதை அடுத்த தடவை தூக்கிப் போட்டுவிடலாம். தாளை மூன்று நாளைக்கு ஒரு தடவை மாற்றுங்கள். இதைக் குறைந்தது ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும். மூன்றாவது வாரம் ஒரு மைட்கூடக் கண்ணில் படாது, அங்கேதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பெட்டிக்கு வெளியே. மேசையை முழுக்கத் துடையுங்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள ஓரத்தில் வேக்குவம் போட்டு உடனே பையை மாற்றுங்கள். தேக்குத் தூண், பழைய மர அலமாரி பக்கத்தில் பெட்டியை வைக்க வேண்டாம், அதன் பிளவில் புகுந்தால் எடுக்கவே முடியாது. அப்புறம் பலகாரச் சம்படத்துக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டு வைப்பார்களே, அதே மாதிரி மேசைக்கால் நான்குக்கும் கீழே தட்டு வைத்து, தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பும் விடுங்கள், சோப்பு இல்லாவிட்டால் மைட் மேலேயே மிதந்து கரையேறிவிடும். வேறு பாம்பு இருந்தால் வேறு அறை, மைட் இல்லாத பாம்பை முதலில் பார்த்துவிட்டு மைட் உள்ளதைக் கடைசியில் தொடுங்கள், நீங்கள் போட்டிருக்கிற சட்டையையும் மாற்றுங்கள்.

பாம்புக்கு: வெதுவெதுப்பான தண்ணீர், 28 முதல் 30 டிகிரி, உடம்பின் பாதி உயரத்துக்கு மேல் வேண்டாம், 20 நிமிடம். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். உடம்பில் உள்ளது மூழ்கிச் சாகும், மீதி தலைக்கு ஏறும், ஏறினதை ஈரத் துணியால் வழித்தெடுங்கள். இது பாம்புக்கு ஆறுதல், அவ்வளவுதான். மருந்து என்று நினைத்துத் தினமும் குளிப்பாட்டிப் பாம்பை அலைக்கழிக்க வேண்டாம்.

மருந்து போட்டபின் தலையை ஆட்டுகிறது, மல்லாக்கப் போட்டால் திரும்ப மாட்டேன் என்கிறது

உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, புதுத் தாள் போட்ட காற்றோட்டமான பெட்டியில் மாற்றி, மருத்துவருக்குப் போன் போடுங்கள். மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

காரணம் பெரும்பாலும் இதுதான்: வீட்டில் கோழிக்கும் மாட்டுக்கும் அடிக்கிற சைப்பர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் மாதிரி ஒன்றை, “செல்லுக்கு அடிப்பதுதானே” என்று பாம்பின் மேல் அடித்துவிடுகிறார்கள். மாட்டின் தோலுக்குக் கலக்கிற அளவு பாம்புக்கு விஷம். அந்துருண்டை, கற்பூரம், மண்ணெண்ணெய், பெட்டிக்குள் கொசுவத்தி எல்லாம் அதே கணக்கில் வரும், மூடிய பெட்டியில் பாம்புக்கு ஓடவும் இடமில்லை. வேப்பெண்ணெயை வெளியே மேசைக்குத் தடவினால் தடவிக்கொள்ளுங்கள், பாம்புக்கு வேண்டாம்.

மருத்துவர் பரிந்துரைத்தால் ஃபிப்ரோனில் 0.25 சதவீத ஸ்பிரேயைத் துணியில் அடித்து அந்தத் துணியால் உடம்பைத் துடைப்பார்கள், நேராக அடிப்பதில்லை, அதில் ஆல்கஹால் இருக்கிறது. தண்ணீரில் கலந்து தெளிக்கும் ஐவர்மெக்டினும் உண்டு, லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் என்ற மிக நீர்த்த அளவில். பால் பைத்தானுக்கு ஐவர்மெக்டின் சிலசமயம் ஒத்துக்கொள்ளாமல் தள்ளாட வைக்கும், அதனால் கையளவில் குத்துமதிப்பாகக் கலக்கிற வேலை வேண்டாம். இன்னொன்று, வீட்டில் ஆமை இருந்தால் ஐவர்மெக்டின் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது, ஆமைக்கு அது உயிர்க்கொல்லி. எந்த மருந்தாக இருந்தாலும் கிண்ணத்தை வெளியே எடுத்துவிட்டு, பெட்டி நன்றாகக் காய்ந்த பிறகுதான் பாம்பும் தண்ணீரும் உள்ளே போக வேண்டும்.

சரி, மருந்தே போடவில்லை, ஆனால் தலை எப்போதும் ஒரு பக்கம் திருகி ஆடுகிறது என்றால்? ஸ்பைடர் என்று விற்கிற பால் பைத்தான் நிறவகைக்குப் பிறவியிலேயே இந்த ஆட்டம் உண்டு. அந்த வகை இல்லாத பைத்தானோ போவாவோ இப்படி ஆடினால் மூளை நரம்புத் தொல்லை, ஒரு வைரஸ் நோயும் அதில் சேர்த்தி, அந்த நோயை மைட் பரப்பும் என்ற சந்தேகம் ரொம்ப நாளாக இருக்கிறது. பக்கத்துப் பாம்பை உடனே பிரித்து வையுங்கள்.

நாருக்குள் வெள்ளையாக ஏதோ ஊர்கிறது, பாம்பின் மேல் ஒன்றும் இல்லை

பயப்பட வேண்டாம். வெளிர் நிறம், மெதுவான நடை, ஈரமான மூலையில் கும்பல், இவை பூஞ்சையும் அழுகலும் தின்கிற வேறு மைட். தொட்டால் துள்ளிக் குதித்தால் அது மைட்டே இல்லை, ஸ்பிரிங்டெயில். நாரை மாற்றிக் கொஞ்சம் காயவிட்டால் இரண்டும் போய்விடும். இதற்குப் போய் மருந்தடித்துப் பாம்பைக் கெடுக்கிறவர்கள்தான் ஜாஸ்தி.

சாம்பல் நிறத்தில் தட்டையாக ஒன்று செதிலுக்கடியில் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை

இது உண்ணி. இறக்குமதியாக வந்த பால் பைத்தானில் வரும். தோலோடு ஒட்டின இடத்தில் நுனி மெல்லிய டிவீசரால் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள், முறுக்க வேண்டாம், தீக்குச்சியால் சுட வேண்டாம். எடுத்த இடத்தில் பொவிடோன் அயோடின் தொட்டு வையுங்கள்.

பாம்பைத் தூக்கிய கையில் அரிப்பு, சிவப்புப் புள்ளி

பாம்பு மைட் மனிதன் மேல் குடியிருக்காது, ஆனால் கடித்துப் பார்க்கும். சோப்புப் போட்டுக் குளித்து, துணியை வெந்நீரில் போடுங்கள். பாம்பில் ஒன்றுமே இல்லை, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அரிக்கிறது என்றால் எலிக் கூண்டைப் பாருங்கள். உயிர் எலி வளர்க்கிற வீட்டில் எலிமைட் வரும், மனிதனைக் கடிப்பதில் அது இதைவிட மோசம். ஆயாவுக்கும் பிள்ளைகளுக்கும் அரித்தால் பாம்பு வீட்டை விட்டுப் போகும், அது எலியின் குற்றமாகவே இருந்தாலும்.

இதெல்லாம் தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்

வாயைத் திறந்தபடி மூச்சு விடுகிறது, வாயோரம் நுரை, தோலில் சிவந்த திட்டு அல்லது கொப்புளம், கையில் எடுத்தால் கயிறாகத் துவள்கிறது. மைட் கடித்த புண் வழியாக ஏரோமோனாஸ் கிருமி இரத்தத்தில் ஏறினால் இப்படி ஆகும், வீட்டு வைத்தியம் செல்லாது. நம் ஊர்க் கால்நடை மருத்துவமனைகளில் மாடும் ஆடும் பார்ப்பவர்கள்தான் அதிகம், பாம்பு பார்ப்பாரா என்று நல்ல நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டிலும் சென்னை வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, போன் பண்ணி விசாரித்துவிட்டுக் கிளம்பலாம். கொண்டுபோகும்போது தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டு, காற்றுத் துளை உள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள், வெயிலில் நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட விட வேண்டாம். உறையைத் திரும்பி வந்ததும் கொதிநீரில் போட வேண்டும்.

முடிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்

கடைசி மைட்டைப் பார்த்த நாளிலிருந்து ஆறு வாரம் எண்ணுங்கள். அதற்குள் வெள்ளை டிஷ்யூவில் ஒரு புள்ளி வந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. தாண்டிவிட்டால் நாரைத் திரும்பப் போடலாம், புதுப் பொட்டலமாக இருந்தாலும் ஃபிரீசரில் மூன்று நாள் வைத்து எடுத்த பிறகு. புதுப் பாம்பு வாங்கினால் 90 நாள் வேறு அறையில், வெறும் தாளில். யாராவது “பழைய பெட்டி இருக்கிறது, எடுத்துக்கொள்” என்று கொடுத்தால் வாங்கி, வாசலிலேயே கொதிநீர் ஊற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.